மூன்றில் ஒரு பங்கில் ஒரு பள்ளம்

பள்ளத்துக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு வெளியே அந்தப் பெயருக்கு எங்கும் வேலையில்லை. தெரு, அலுவலகம், மனைவியின் உறவுக்காரர்கள் என்று எல்லா மட்டத்திலும் அவர் பள்ளத்துக்காரர்தான். நகராட்சியின் சாலைப் பிரிவில் மேற்பார்வையாளர் என்பது அவருடைய பதவி. சாலையில் எங்கே குழி விழுந்ததாகப் புகார் வந்தாலும் முதலில் போய் எட்டிப் பார்க்கும் அரசாங்கத்தின் கண் அவருடையது.

வேலை எளிது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஆள் உயரக் கோல் ஒன்றை அலுவலகம் கொடுத்திருந்தது. அதைப் பள்ளத்தின் குறுக்கே கிடத்த வேண்டும். மேலே நின்று போனில் ஒரு படம். அனுப்பினால் தீர்ந்தது. அலுவலகத்தில் பொறியாளர் மேடம் படத்தைப் பார்ப்பார். கோலோடு ஒப்பிட்டுப் பள்ளத்தின் தகுதியை எடைபோட்டு 'உடனடி', 'வரிசையில்', 'தேவையில்லை' என்ற மூன்றில் ஒன்றை அழுத்துவார். மேடம் நேரில் வருவதில்லை. சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஊரில் சாலை எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதே சிக்கலான கேள்வி. நேரில் கிளம்பினால் திரும்பி வர முடியாது.

பள்ளத்துக்காரரின் ஆரம்பகாலப் படங்களைக் கலை விமர்சகர்கள் கண்டுகொள்ளாமல் விட்டதில் நியாயம் இருந்தது. நட்ட நடுவில் பள்ளம், அதன் மேல் கோல், ஓரத்தில் அவருடைய செருப்பின் நுனி. விபத்தில் இறந்தவரை அடையாளம் காட்ட எடுத்த படம்போல இருக்கும். ஆனால் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் மேடம் 'உடனடி'யை அழுத்துவார், லாரி வரும், தார் கொட்டும். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. கலை உள்ளே நுழைவதற்கு முன்பு எல்லா வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும்.

பழைய போன் ஒருநாள் கண்ணை மூடியது. அலுவலகம் புதியது ஒன்றைக் கொடுத்தது. அதன் முதுகில் மூன்று கண்கள். மூன்று கண் எதற்கு என்று தெரிந்துகொள்ளப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி ஒரு வீடியோவைத் திறந்தார். தாடி வைத்த இளைஞன் ஒருவன் திரையில் தோன்றி, "ஒரு பொருள நடுவுல வெக்கிறவன் சும்மா பட்டன் அழுத்துறவன். ஓரமா வெக்கிறவன்தான் போட்டோகிராபர்" என்றான்.

பள்ளத்துக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அத்தனை பள்ளங்களையும் நடுவில் வைத்தே எடுத்திருக்கிறார். ஒரு மனிதன் இவ்வளவு காலம் இவ்வளவு பெரிய தவறை யாரும் சுட்டிக்காட்டாமல் செய்துகொண்டே இருக்க முடியுமா? பேருந்து வந்தது, போனது. அவர் ஏறவில்லை.

அன்றிலிருந்து திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டுக்கொண்டார். படத்தை மூன்றாகப் பிரித்து, எடுக்கிற பொருளை ஒரு பங்கில் ஒதுக்கி, மிச்சத்தை வெறுமையாக விட வேண்டும் என்பது விதி. வீட்டில்தான் முதல் பரிசோதனை. கல்லூரியில் படிக்கும் மகளின் பிறந்தநாளுக்கு எடுத்த படத்தில் அவள் இடது ஓரத்தில் பாதிக் காதோடு நின்றாள். மிச்சமெல்லாம் சுவர்.

"அப்பா, இது என் பிறந்தநாளா, சுவத்தோட பிறந்தநாளா?"

"அந்த வெறுமைலதான்மா அழகு இருக்கு."

"அப்ப அந்த அழகுக்கே கேக் ஊட்டி விடுங்க, போங்க."

மேதைகளின் வீட்டில் இப்படிப்பட்ட பேச்சுகள் சகஜம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து வெளிச்சம். உச்சி வெயிலில் படம் எடுப்பது பாவம் என்று தாடிக்காரன் சொல்லிவிட்டதால், காலை இளவெயிலுக்கும் மாலை மஞ்சள் வெயிலுக்கும் மட்டுமே பள்ளங்களைச் சந்திப்பது என்று வைத்துக்கொண்டார். அப்புறம் கோணம். நின்றபடி பார்ப்பது எல்லாரும் பார்ப்பது. கலைஞன் தரையின் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டுமாம். நடுச்சாலையில் குப்புறப் படுத்தார். அவர் படுத்த இடத்திலெல்லாம் வண்டிகள் நின்றன. யாரோ ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு அம்மா அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "துடிப்பு இருக்கு, துடிப்பு இருக்கு" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். "நல்லாத்தாங்க இருக்கேன், கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க" என்று இவர் தரையிலிருந்து சொன்னபோது அந்த அம்மா திட்டிய திட்டு அச்சில் ஏறத் தக்கதல்ல.

இதற்கெல்லாம் மேலே ஒரு இலை. படத்தின் முன்புறத்தில் மங்கலாக ஏதாவது தெரிந்தால் ஆழம் கூடும் என்பது இன்னொரு விதி. போகிற இடத்தில் செடி கொடி இருக்கும் என்று என்ன நிச்சயம்? ஆகவே ஒரு இலையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். தேவைப்படும்போது எடுத்துப் போனின் கண்ணுக்கு முன்னால் ஓரமாகப் பிடிப்பார். வாடினால் மாற்றுவார். அரசு ஊழியர் ஒருவர் தினமும் சட்டைப்பையில் புத்தம்புது இலையோடு பணிக்குச் செல்லும் காட்சியை நம் நிர்வாகம் இதற்கு முன் கண்டிருக்காது.

எடுப்பது பாதி வேலைதான். மீதி, சாப்பாட்டு மேசையில். சாயங்காலம் தட்டை ஒதுக்கிவிட்டு எடிட் செய்ய உட்கார்ந்துவிடுவார். வெளிச்சத்தை ஏற்றுவார், நிழலை இறக்குவார், நீலத்தைக் கூட்டுவார். முதல் சில வாரங்களில் அவருடைய வானங்கள் சலவை சோப்பின் நிறத்தில் இருந்தன. மகள், "அப்பா, கொஞ்சம் அலசிப் பிழிஞ்சிடுங்க" என்பாள். பிறகு கை பழகியது. பழகிய கையில்தான் அந்தக் கருவி சிக்கியது: படத்தில் பிடிக்காத எதையும் விரலால் தடவினால் அது இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும்.

முதலில் மின்கம்பிகள் போயின. அடுத்து குப்பைத்தொட்டி. குறுக்கே போன ஒரு ஆள். அவருடைய நாய். ஓரத்தில் தெரிந்த சொந்தச் செருப்பு. கடைசியில் ஒருநாள் சிவப்பு வெள்ளைக் கோலையே முறைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுதான் கண்ண உறுத்துது" என்று தடவிவிட்டார்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். கோல் போனால் அளவு போயிற்று. அளவு போன பிறகு படத்தில் இருப்பது கை கழுவிய தண்ணீரா, லாரியை விழுங்கும் குழியா என்று எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியாது. பள்ளத்துக்காரர் இதை யோசிக்கவில்லை. அழிக்கப்போகிற பொருளைத் தூக்கிச் சுமப்பானேன் என்று கோலை எடுத்துப் போவதையும் நிறுத்திவிட்டார்.

விளைவு உடனே தெரிந்தது. அவர் வட்டத்திலிருந்து வந்த படங்களுக்கெல்லாம் 'தேவையில்லை' விழுந்தது. மாதாந்தரக் கூட்டத்தில், மற்ற வட்டங்களில் சாலைகள் சீரழிந்துகொண்டிருக்க, இவருடைய வட்டத்துச் சாலைகள் தாமாகவே தேறி வருவதாக அறிக்கை வாசித்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வரலாறு, அவருடைய மனைவியின் தையல் கடை வாசலில் வந்து இடறி விழுந்தது.

கடை சின்னது. உள்ளே இரண்டு மிஷினும் துணி வெட்டும் மேசையும் போட்டால் மனுஷி திரும்ப வேண்டுமானால் வெளியே வந்துதான் திரும்ப வேண்டும். மருத்துவமனை ஒன்றுக்கு வெள்ளைக் கோட்டுகள் தைத்துக் கொடுக்கும் வேலை அந்த அம்மாவுக்குக் கிடைத்திருந்தது. அலைந்து திரிந்து, மாதிரி தைத்துக் காட்டி, பெரிய கடைக்காரர்களோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலை. இஸ்திரி போட்ட கோட்டுகளைக் கசங்காமல் வைக்க உள்ளே இடம் கிடையாது. வாசலில் கொடி போட்டு வரிசையாக மாட்டுவார். வாசலுக்கு நேரே சாலையில் ஒரு பள்ளம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பேருந்து ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், சேற்றுத் தண்ணீர் எழும்பி வந்து கோட்டுகளை நலம் விசாரித்துவிட்டுப் போகும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிப் பார்த்தார். இஸ்திரிச் சூட்டில் உள்ளே வேர்த்துத் துணியெல்லாம் கசங்கிற்று.

போன முறை அனுப்பியதில் ஒரு கோட்டின் முதுகில் புள்ளி புள்ளியாகச் சேறு. மருத்துவமனையில் பண்டகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். "இன்னொரு தடவ கறை இருந்தா வேற இடம் பாத்துக்குவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அடுத்த தொகுதியைப் பார்க்க வருகிறார்.

"என்னங்க, ஊர்ல இருக்கற குழியெல்லாம் போய்ப் பாக்கறீங்க. கட்டின பொண்டாட்டி கடை வாசல்ல ஒண்ணு வாயப் பிளந்துக்கிட்டு நிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள மூடணும். மூடலன்னா எனக்கு இந்த வேலை போயிடும். சொல்லிட்டேன்."

"இவ்வளவுதான? நாளைக்கே படம் எடுத்து அனுப்பிடறேன்."

அவர் அலட்சியமாகச் சொன்னார் என்று யாரும் பழி போட வேண்டாம். மனைவிக்காக எடுக்கிற படம். தம் வித்தை முழுவதையும் அதில் இறக்கிவிடுவது என்று தீர்மானித்தார். ஆபத்தே அங்கேதான்.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டு மேற்கே வானம் வெளுத்தபோது போய்ச் சேர்ந்தார். பக்கத்தில் பஞ்சர் கடை. பள்ளத்தால் பிழைக்கிற ஒரே மனிதர் அந்தக் கடைக்காரர். அதனால் பள்ளத்தைப் பற்றி அவரிடம் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. பள்ளத்துக்காரர் குப்புறப் படுக்க, அவர் பழைய டியூப் ஒன்றை விரித்துக் கொடுத்தார்.

"நெஞ்சு நனையாம படுங்கண்ணே. நம்ம பள்ளத்த நல்லா எடுங்க."

அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. தண்ணீரில் வானம் இளஞ்சிவப்பாக இறங்கியிருந்தது. கடை விளக்கு தலைகீழாக மினுங்கியது. வெள்ளைக் கோட்டுகள் வரிசையாகத் தண்ணீருக்குள் கொக்குக் கூட்டம்போல நின்றன. ஒரு புறா வந்து கரையில் உட்கார்ந்து, சரியாக மூன்றில் ஒரு பங்கில், குனிந்து தண்ணீர் குடித்தது. இலையை ஓரமாகப் பிடித்தார். அழுத்தினார்.

வீட்டில் எடிட் செய்ய உட்கார்ந்தவர் சோறு ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை. பஞ்சர் கடை டயர்க் குவியலைத் தடவினார், போயிற்று. கம்பிகள் போயின. தார் பெயர்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்த இடது விளிம்பைத் தடவினார். அங்கே பசும்புல் மாதிரி ஏதோ ஒன்று தானாக முளைத்தது. நன்றாக இருந்ததால் விட்டுவிட்டார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது பள்ளமா, ஏரியா?"

"அது பாக்கறவங்க மனசப் பொறுத்தது."

"அம்மா மனசப் பொறுத்து என்னன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புங்க."

கேட்கவில்லை. அனுப்பிவிட்டார்.

மறுநாள் மேடத்திடமிருந்து பதில் வந்தது. 'அருமை சார்! எந்த ஏரி இது? பெரிசா பிரிண்ட் போட்டு நம்ம ஹால்ல மாட்டச் சொல்லியிருக்கேன்.' கீழே சின்ன எழுத்தில் 'தேவையில்லை' என்று இருந்தது. இவர் மேலே உள்ளதை மட்டும் பல தடவை படித்தார். தரையில் கால் பாவாமல் கடைக்குப் போனார்.

மிஷினிலிருந்து மனைவி தலை தூக்கினார். "என்ன சொன்னாங்க?"

"அருமைன்னு சொன்னாங்க!"

"எப்ப வர்றாங்க?"

"யாரு?"

மிஷின் நின்றது. பல வருஷங்களாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த மிஷின் நிற்கிற சத்தம் என்னவென்று தெரியும்.

"தார் ஊத்தறவங்க, எப்ப வர்றாங்கன்னு கேட்டேன்."

அவர் போனை எடுத்துச் சின்ன எழுத்தை அப்போதுதான் படித்தார். முகம் தொங்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து வந்தது. தொபுக்கென்று இறங்கி ஏறிப் போயிற்று. மனைவி எழுந்து போய்க் கொடியிலிருந்து ஒரு கோட்டை எடுத்துவந்து, அவர் முன்னால் வெட்டு மேசையில் விரித்தார். நெஞ்சுப் பக்கம் சேறு தெறித்திருந்தது.

"இதுலயும் ஏதாவது அழகு தெரியுதா பாருங்க."

பார்த்தார். நேர்மையான கலைஞர் என்பதால் தெரியத்தான் செய்தது. கறை சரியாக மூன்றில் ஒரு பங்கில் விழுந்திருந்தது. வாய்வரை வந்த வார்த்தையை நாக்கைக் கடித்து உள்ளே தள்ளினார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் ஒன்றாக இருப்பதற்கு அந்த ஒரு கடிதான் காரணம் என்பது இந்த வரலாற்றாசிரியனின் துணிபு.

மனைவி கத்தவில்லை. கோட்டைச் சுருட்டி அலசப் போட்டுவிட்டு, "நான் ஆறு மாசம் நடையா நடந்து வாங்கின வேலைங்க இது" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். கத்தியிருந்தால் பள்ளத்துக்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

புதன்கிழமை காலையில் நேராக மேடத்தின் மேசைக்குப் போய் நின்றார். போகிற வழியில் ஹாலில் தம் படம் ஆள் உயரத்துக்குத் தொங்குவதைக் கண்டு ஒரு கணம் உருகி நின்றதை மறைப்பதற்கில்லை. வரி கட்ட வந்த ஒருவர் அதன் முன்னால் நின்று, "இங்க படகு விடறாங்களாங்க? லீவுக்குப் பசங்களக் கூட்டிட்டுப் போலாம்னு" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அது ஏரி இல்ல. பள்ளம்."

மேடம் சிரித்தார். "சும்மா இருங்க சார், காலங்காத்தால."

"சத்தியமா மேடம். மழத் தண்ணி நிக்குது. பஸ் எறங்கி ஏறுது."

"புல்லெல்லாம் இருக்கே?"

"அது... எடிட்ல வந்துடுச்சு மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார், நான் படத்தப் பாத்துதான் போட முடியும். இந்தப் படத்துக்கு 'உடனடி' போட்டா, ஏரிய எதுக்கும்மா தார் ஊத்தி மூடறீங்கன்னு மேல இருக்கறவங்க என்னக் கேப்பாங்க. பள்ளம்னா பள்ளம் மாதிரி ஒரு படம் அனுப்புங்க. கோல் வெச்சு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துச்சுன்னா சாயங்காலமே லாரி அனுப்பறேன். விட்டா அடுத்த வாரம்தான்."

கோல்! வீடெல்லாம் தேடினார். கட்டிலுக்கு அடியில், பரணில், மாடிப்படியில், எங்கும் இல்லை. வியாழன் காலை கடைக்கு ஓடினார். வாசலில் வெள்ளைக் கோட்டுகள் சிவப்பும் வெள்ளையுமான ஒரு கொம்பில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இது என் கோலாச்சே!"

"மாசக்கணக்கா வீட்ல சும்மா கெடந்துச்சு. கொடிக் கயிறு பாரம் தாங்காம தொய்யுதேன்னு நேத்து எடுத்துட்டு வந்து கட்டினேன். இப்ப அத உருவினா இத்தன கோட்டையும் உங்க தலைலயா மாட்டறது?"

நியாயமான கேள்வி. கோலில்லாமலே எடுப்பது என்று முடிவாயிற்று. அசிங்கமாக ஒரு படம்; அவ்வளவுதானே வேண்டும்? இதற்கு என்ன பெரிய வித்தை?

இங்கேதான் அவருடைய கலை வாழ்வின் மிகக் கடினமான சோதனை ஆரம்பித்தது. நின்றபடியே, நட்ட நடுவில் வைத்து, விதிகளையெல்லாம் மீறி எடுத்தார். எடுத்த நொடியில் எங்கிருந்தோ ஒரு வெண்மேகம் தண்ணீருக்குள் மிதந்து வந்து பள்ளத்தின் நடுவில் நின்றது. படம் ஓவியம்போல விழுந்தது. அடுத்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினார். திறந்து பார்த்தால், மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளில் போக, அவர் நிழல் தண்ணீரில் நெளிந்தது. தாடிக்காரன் பார்த்தால் காலில் விழுவான். கையை வேண்டுமென்றே ஆட்டி எடுத்தார். கலங்கலாக வரும் என்று பார்த்தால் கனவு மாதிரி வந்தது.

பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு அசிங்கமா எடுக்க வரலண்ணே" என்றார் பரிதாபமாக. பள்ளத்துக்காரரின் கண் கலங்கிவிட்டது. துக்கமா பெருமையா என்று அவருக்கே பிடிபடவில்லை.

உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று படங்களையும் மனைவியிடம் காட்டினார். "இது பரவால்லயா பாரேன்? கொஞ்சம் மோசமாத்தான் இருக்கு."

மனைவி பார்த்தார். உதட்டைச் சுழித்தார். "குடுங்க இங்க போன."

கத்தரிக்கோலைப் பிடிப்பதுபோலப் போனைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் வந்து நின்றார். அந்த அம்மா தம் வாழ்நாளில் எடுத்த படங்களில் பாதி அவருடைய விரல்களின் படங்கள். பள்ளத்துக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் கீழ எறக்கிப் பிடி. சாயுது பாரு, சாயுது. கம்பியெல்லாம் உள்ள வருது. அந்தக் குப்பத்தொட்டிய வெட்டு."

"நான் துணிதான் வெட்டுவேன். நீங்க பேசாம போய் அந்தப் பள்ளத்து ஓரமா நில்லுங்க. ஆள் பக்கத்துல நின்னாதான் எவ்வளவு பெருசுன்னு தெரியும்."

"நான் வந்தா பாலன்ஸ் கெட்டுடும்மா. நடுவுல வேற வெக்கிற நீ!" அவர் இரண்டு கை விரல்களையும் சதுரமாகச் சேர்த்து, ஒரு கண்ணை மூடி, அதன் வழியாக மனைவியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். "இந்த அளவு வரணும். இன்னும் கொஞ்சம் தள்ளி. இரு, நான் இன்னும் ஒரு அடி..."

"அண்ணே! பள்ளம்!" என்று பஞ்சர் கடைக்காரர் அலறினார்.

ஊர்ப் பள்ளங்களையெல்லாம் பெயர் சொல்லாத குறையாக அறிந்தவரிடம், தம் தொழிலே அதுவாக உள்ளவரிடம், ஒரு பஞ்சர் கடைக்காரர் பள்ளத்தைச் சுட்டிக்காட்ட நேர்ந்தது. அது காலம் கடந்து வந்த தகவல். முதலில் ஒரு கால் முழங்கால்வரை போயிற்று. அதைக் காப்பாற்றப் போன மறு காலும் கூடவே போயிற்று. பிறகு, அவருடைய பதவிக்குரிய நிதானத்தோடு, அப்படியே உட்கார்ந்தார். தண்ணீர் இடுப்பைச் சுற்றி வந்து நின்றது. சட்டைப்பையிலிருந்து நழுவிய இலை தண்ணீரில் மிதந்து கிளம்பியது.

மனைவி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு கையில் போன் குலுங்கியது. சிரிப்பில் விரல் எங்கேயோ பட்டுப் படம் விழுந்தது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் வர்ணிக்க வேண்டும். சாலை மலைச்சரிவுபோலச் சாய்ந்திருந்தது. மின்கம்பிகள், டயர்க் குவியல், குப்பைத்தொட்டி எல்லாம் அழைப்பிதழ் வைத்ததுபோல வந்திருந்தன. தார் விளிம்பு பல்லைக் காட்டியது. நட்ட நடுவில், கலங்கிய தண்ணீரில், இடுப்பளவு முங்கி ஒரு ஆள். அந்த ஆளின் தலை இருக்க வேண்டிய இடத்தில் மனைவியின் கட்டைவிரல்.

"அனுப்பிடாத! எடிட் பண்ணல!" என்று பள்ளத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அனுப்பிட்டேனே."

பஞ்சர் கடைக்காரர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஈரம் சொட்டச் சொட்ட நிற்கும்போதே போன் அடித்தது. மேடம்.

"சார், யார் சார் அது உள்ள விழுந்து கெடக்கறது? விரல் மறைக்குது, மூஞ்சி தெரியல."

பள்ளத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார். "யாரோ... பொதுமக்கள்ல ஒருத்தர் மேடம்."

"அய்யோ பாவம். பெரிய அடியா?"

"மனசுலதான் மேடம்."

"'உடனடி' போட்டுட்டேன். சாயங்காலம் லாரி வந்துடும். ஆமா, இந்தப் படத்த யாரு எடுத்தது? இதப் பாக்கறப்பவே பதறுது சார். இப்படித்தான் எடுக்கணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் சிரிப்பு அடங்கியிருக்கவில்லை.

"புதுசா ஒருத்தங்க, மேடம்."

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க சார் அவங்கள. கூட இருந்து கொஞ்சம் கத்துக்கங்க."

சொன்னபடி லாரி வந்தது. ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, உருளை ஓட்டிவிட்டுப் போனார்கள். பஞ்சர் கடைக்காரர் கடையைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, நெருங்கிய ஒருவரை வழியனுப்புகிற முகத்தோடு கடைசிவரை நின்றார். வெள்ளிக்கிழமை பண்டகசாலை அம்மா வந்தார். கோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். காலரைத் திருப்பினார், தையலை இழுத்தார். வாசலில் பேருந்து ஒன்று சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர்: மனைவி, மகள், மேசைக்கு அடியில் இடம் கிடைத்த பள்ளத்துக்காரர்.

"சுத்தமா இருக்கு. அடுத்த மாசத்துக்கும் இதே அளவு தெச்சிடுங்கம்மா."

அந்த அம்மா தெருமுனை திரும்பினார். அப்புறம் மகள்தான், "அப்பா, வெளிய வாங்க, பொதுமக்கள் எல்லாம் தேடறாங்க" என்றாள்.

கோட்டுகள் போய்விட்டதால் கோல் விடுதலையானது. பள்ளம் மூடிய இடத்தையும் படம் எடுத்து அனுப்பினால்தான் புகார் கணக்கில் தீரும் என்பது அலுவலக நடைமுறை. பள்ளத்துக்காரர் கோலை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தார். புதுத் தாரின் குறுக்கே கிடத்தினார். படுக்கவில்லை, குனியவில்லை. மாலை வெயில் தெருவெல்லாம் மஞ்சள் பூசி ஆசை காட்டியது. அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேலே நேராக நின்று, எல்லாவற்றையும் நட்ட நடுவில் வைத்து, செருப்பு நுனியும் விழும்படி ஒரே ஒரு படம் எடுத்தார். திருந்திவிட்ட மனிதரின் படம்.

தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி திரையை எட்டிப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு இன்னொரு பக்கம்.

"ஏங்க, எல்லாத்தையும் கொண்டுபோய் நடுவுல வெச்சிருக்கீங்க? கொஞ்சம் ஓரமாத் தள்ளி எடுத்திருக்கலாம்ல?"

பள்ளத்துக்காரர் எதிர் வீட்டுச் செடிப் பக்கமாக மெதுவாக நடந்தார், ஒரு இலை பறிக்க.